பதினைந்தாம் நம்பர் டோ

மேரி ப்ரீ த்ரோ கோட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஆட்டம் முடியச் சில விநாடிகள்தான் இருந்தன. நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். அவளுக்கு இரண்டு பந்து. ஒன்று விழுந்தால் சமன். இரண்டும் விழுந்தால் எங்கள் பள்ளிக்கூடம் மாவட்டச் சாம்பியன்.

புதுக்கோட்டையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து மைதானம், சிமெண்ட் தரை. சாயங்காலம் நாலு மணி ஆகியும் சூடு இறங்கவில்லை. எங்களில் பாதிப் பேருக்கு ஷூ கிடையாது. வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றோம். மேரி மட்டும் அசையவில்லை.

நான் அவளுக்குப் பக்கவாட்டில் நின்றேன். வளையத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவளுடைய குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பித்தவெடிப்புக்குள் எங்கள் ஊர்ச் செம்மண் அப்படியே இருந்தது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வந்தும், குழாயடியில் கால் கழுவியும் அது போகவில்லை.

கேப்டன் நான். அந்த நேரத்தில் என் மனசுக்குள் என்ன ஓடியது என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். இப்போதே சொன்னால் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவீர்கள்.

இரண்டும் விழுந்தன. அது ஊருக்கே தெரியும். எறிந்தது மேரி என்பதும் தெரியும். எந்த மேரி என்பதுதான் தெரியாது.

பாஸ்கட்பால் எறங்கு

குளத்தூருக்கும் விராலிமலைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ஊருக்கு என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் டவுன் பஸ்ஸில் வந்தால் கண்டக்டர் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார். "பாஸ்கட்பால் எறங்கு" என்பார். பள்ளிக்கூடத்து வாசல்தான் ஸ்டாப். எதிரே இருக்கும் டீக்கடைக்குச் சாம்பியன் டீ ஸ்டால் என்று பெயர். கடைக்காரருக்கு அந்த ஆட்டத்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதுகூடத் தெரியாது.

ரோட்டைப் பார்த்த பள்ளிக்கூடச் சுவரில் எங்கள் பன்னிரண்டு பேர் பெயரும் நீலப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. எத்தனையோ முறை வெள்ளையடித்தார்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்தார்கள். கடைசி இரண்டு வரி இப்படி இருக்கும்:

14. எஸ். மேரி
15. டோ

போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து பி.டி. டீச்சர் போன் பண்ணினார். கறம்பக்குடிப் பக்கத்துப் பெண், இங்கே வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

"அக்கா, அந்தச் சுவத்த இடிக்கப் போறாங்க. புது கிளாஸ் ரூம் வருது. பேரையெல்லாம் கருங்கல்லுல வெட்டி வாசல்ல வைக்கலாம்னு ஹெச்.எம். சொல்றாங்க. நீங்கதான கேப்டன்? வெள்ளிக்கெழமைக்குள்ள லிஸ்ட் எழுதித் தாங்கக்கா."

சரி என்றேன்.

"ஒரு சந்தேகம். அந்த டோ யாருக்கா? புள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்குதுங்க. சைனாவுலேர்ந்து வந்து படிச்ச புள்ளைன்னு ஒரு கூட்டம் சொல்லுது. அப்டியாக்கா?"

என்னால் சிரிக்கவும் முடியவில்லை. "எழுதித் தர்றேம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். கல்லில் ஒரு தரம் வெட்டிவிட்டால் அதன் மேல் வெள்ளையடிக்கவும் முடியாது. இந்த முறை தப்பாக எழுதிக்கொடுத்தால் நான் செத்த பிறகும் அது அங்கேயே நிற்கும்.

தொடாமல் ஆடுகிற ஆட்டம்

எங்கள் ஊருக்குக் கூடைப்பந்து எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. பி.டி. சாருக்கு அது ஒன்றுதான் தெரியும். வேறு காரணம் இல்லை.

திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர் அவர். பெண் பிள்ளைகளுக்கு ஒரு டீம் வேண்டும் என்று தகப்பன்மாரைக் கூப்பிட்டுப் பேசினார். கபடி என்றால் ஒருத்தரும் விட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். "இதுல ஒருத்தர ஒருத்தர் தொடவே கூடாது, தொட்டா தப்பு" என்றார். தகப்பன்மாருக்கு நிம்மதி. ஆட்டம் என்னவென்றே தெரியாததால் யாருக்கும் மறுத்துப் பேசவும் தோன்றவில்லை. பிறகு வந்து பார்த்தவர்கள்தான் சார் எவ்வளவு பெரிய பொய் சொல்லியிருக்கிறார் என்று புரிந்துகொண்டார்கள். அதற்குள் நாங்கள் இரண்டு மேட்ச் ஜெயித்திருந்தோம்.

கோர்ட் என்பது செம்புறாங்கல் சரளையைக் கொட்டி மிதித்த தரை. இரும்புக் குழாய் இரண்டு, பலாப் பலகை இரண்டு, கொல்லுப்பட்டறையில் வளைத்த வளையம் இரண்டு. ஒரு வாரத்தில் பந்து செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். எங்கள் உள்ளங்கையும் அப்படித்தான். சட்டையில் எங்கே கை பட்டாலும் ஐந்து விரலும் பதியும். அம்மாக்கள் துவைக்கும்போது திட்டுவார்கள்.

விராலிமலைப் பக்கத்து மயில்கள் கோர்ட்டுக்குள் வந்துவிடும். பந்தைக் கண்டு அவை பயப்படாது. அவற்றை விரட்டுகிற வேலை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு. அந்த வேலையை ரொம்ப நாள் பார்த்தவள்தான் இன்னொரு மேரி.

இன்னொரு மேரி

கூடைப்பந்தில் பனியன் நம்பர் நாலில் தொடங்கிப் பதினைந்தில் முடியும். ஏன் ஒன்றில் தொடங்கவில்லை என்று சாரைக் கேட்டோம். "அது அப்படித்தான்" என்றார். கேப்டன் நாலு என்பதும் அப்படித்தான்.

டெய்லர் வெள்ளைப் பனியனுக்கு நீலச் சாயம் போட்டு, சிவப்புத் துணியில் நம்பர் வெட்டித் தைத்தார். கடைசிப் பனியனுக்கு வரும்போது சிவப்புத் துணி தீர்ந்துவிட்டது. பதினைந்தில் ஒன்று சிவப்பு, ஐந்து பச்சை. அதை யாருக்குக் கொடுப்பது என்று யோசிக்கவே இல்லை. இன்னொரு மேரிக்குக் கொடுத்துவிட்டோம்.

டீமில் இரண்டு மேரி. பதினாலாம் நம்பர் மேரி சவரிமுத்து சாரின் மகள். உயரம், நிறம், நல்ல குரல், சர்ச்சில் பாட்டு. பதினைந்தாம் நம்பர் மேரி செபஸ்தியான் என்பவரின் மகள். ஆவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரிலிருந்து தைலமரக் காட்டு வழியே நடந்து வருவாள். குள்ளம். பேச்சு குறைவு. இரண்டு பேருக்கும் இனிஷியல் எஸ். அட்டெண்டன்ஸில் இரண்டு எஸ். மேரி. ஒருத்தி மேரி. மற்றவள் இன்னொரு மேரி. அவளை நாங்கள் கூப்பிட்டதே அப்படித்தான். "இன்னொரு மேரி, அந்தத் தண்ணிய எடு."

அவளுக்கும் ஒரு வேலை தெரியும் என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு அவள் கோட்டில் நின்று இருபது பந்து எறிவாள். மயில் தவிர யாரும் பார்ப்பதில்லை. நான் ஒரு நாள் மறந்துவிட்ட டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பி வந்தபோது பார்த்தேன். இருபதில் இரண்டோ மூன்றோதான் தவறியது. பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

பைனலில் பெரிய மேரி, அதாவது பதினாலாம் நம்பர், ஐந்து ஃபவுல் ஆனதால் வெளியே வந்தாள். பி.டி. சார் பெஞ்சைப் பார்த்து, "மேரி, எந்திரி" என்றார். வெளியே வந்து அப்போதுதான் உட்கார்ந்த பெரிய மேரி மறுபடி எழுந்துவிட்டாள். "நீ இல்லம்மா." ஸ்கோர் எழுதுகிறவர் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார்.

"எஸ். மேரி வெளியில போயாச்சே சார். திரும்ப உள்ள விட முடியாது."

"இது இன்னொரு மேரிங்க" என்றார் சார்.

மைதானம் பூராவும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

எதிர் டீம் கடைசியாக ஃபவுல் செய்தது இன்னொரு மேரியைத்தான்; அந்த இரண்டு பந்து அவளுக்குக் கிடைத்தது. இரண்டு பந்தும் விழுந்தன. ஆனால் சுற்றி நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் காதில் விழுந்தது மேரி என்ற பெயர் மட்டும்தான். பல வருடம் கழித்துப் பள்ளிக்கூட விழாவில் பெரிய மேரியை மேடைக்குக் கூப்பிட்டு, கடைசிப் பந்தைப் போட்டவர் என்று பொன்னாடை போர்த்தினார்கள். பாவம், அவள் மைக்கைப் பிடித்து, "அது நான் இல்லைங்க" என்றாள். தன்னடக்கம் என்று கை தட்டினார்கள்.

அப்பாவின் இரண்டு கோடு

அப்பாவின் தாலுகா ஆபீஸ் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, 'உங்கள் அப்பா வீட்டிலும் ஃபைல் போட்டு வைத்திருந்தாரா' என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வைத்திருந்தார். மளிகைச் சாமான் பட்டியலுக்குக்கூட வரிசை எண் உண்டு.

ஆபீசில் ஒரே விஷயம் கீழே கீழே வந்தால் திரும்ப எழுத மாட்டார்கள். இரண்டு பக்கமும் சின்னக் கோடு போட்டு, நடுவில் டோ என்று எழுதுவார்கள். மேலே உள்ளதேதான் என்று அர்த்தம். டிட்டோ என்பதன் சுருக்கம், இங்கிலீஷ்காரன் விட்டுப் போனது. அப்பா எங்கள் வீட்டிலும் அப்படித்தான் எழுதுவார். துவரம் பருப்பு ஒரு கிலோ, கடலைப் பருப்பு டோ. எனக்கு அது பெரிய மனுஷத்தனமாகத் தெரியும். பள்ளிக்கூட நோட்டில் நானும் எழுதிப் பார்ப்பேன்.

ஜெயித்து வந்த வாரம் ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டார். சுவரில் பெயர் எழுதப் போவதாகவும், என் கையெழுத்து நன்றாக இருப்பதால் பட்டியலை நானே எழுத வேண்டும் என்றும் சொல்லி ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். நாலாம் நம்பரில் என் பெயரை எழுதினேன். வசந்தா. கீழே சின்னதாக ஒரு கோடும் போட்டேன். பதினாலில் எஸ். மேரி என்று எழுதினேன். பதினைந்துக்கு வந்தேன்.

இப்போது சொல்கிறேன். பைனலில் மேரி எறிவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் அதே கோட்டில் அதே இரண்டு பந்து எனக்குக் கிடைத்திருந்தது. இரண்டையும் விட்டுவிட்டேன். ஒன்று வளையத்திலேயே படவில்லை. அதனால்தான் நாங்கள் பின்னால் இருந்தோம். அவள் கோட்டில் நின்றபோது, விழக் கூடாது என்று நான் நினைத்தேன். என் பள்ளிக்கூடம் தோற்றாலும் பரவாயில்லை, அவள் போட்டுவிடக் கூடாது. ஒரு கணம்தான். ஆனால் நினைத்தேன்.

பதினைந்தாம் நம்பருக்கு நேரே இரண்டு கோடு போட்டு, நடுவில் டோ என்று எழுதினேன். கை தவறி எழுதவில்லை. பெயரை எழுத மனசு வரவில்லை.

ஹெச்.எம். பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். பெயிண்டர் வீடு ஆவூர் ரோட்டில் இருந்தது. அந்தப் பக்கம் போகிற பிள்ளை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று பியூனிடம் சொன்னார். தாளை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். எடுத்துப் போனது யார் என்று நான் யோசிக்கவில்லை.

கோடை லீவில் சுவர் எழுதினார்கள். பத்தாவது முடித்து நான் பிளஸ் ஒன்னுக்குக் குளத்தூர் போய்விட்டேன். முதல் நாள் பஸ் ஜன்னல் வழியாகத்தான் அதைப் பார்த்தேன். பக்கத்துக் கோடுகூட இல்லாமல், மற்றப் பெயர்களைப் போலவே கொட்டை எழுத்தில், டோ. இறங்கிப் போய் ஹெச்.எம்.மிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பஸ்ஸில் சுவர் தெரிகிற பக்கம் உட்கார்ந்ததே இல்லை.

பிற்பாடு நானும் தாலுகா ஆபீசிலேயே வேலைக்குச் சேர்ந்து, போன வருடம் ரிட்டயர் ஆனேன். முப்பது வருடத்துக்கு மேல் எத்தனை ஆயிரம் டோ எழுதியிருப்பேனோ. ஒவ்வொன்றிலும் அந்தச் சுவர் ஞாபகத்துக்கு வந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். முக்கால்வாசியில் வந்தது.

தொட்டுவிட்டுப் போகிறவர்கள்

லிஸ்ட் எழுத உட்கார்வதற்கு முன்னால் சுவரை ஒரு தரம் கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அன்றைக்கு டீம் மேட்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. வாசலில் வேன் நின்றது. எல்லாருக்கும் ஷூ இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் இந்த ஆட்டத்தைச் சொல்லிப் போலீசிலும் ரயில்வேயிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது எந்தத் தகப்பனும் தொடுகிற ஆட்டமா தொடாத ஆட்டமா என்று கேட்பதில்லை.

பிள்ளைகள் வரிசையாகச் சுவருக்கு வந்தார்கள். ஒவ்வொருத்தியும் கடைசி வரியைக் கையால் தொட்டுவிட்டு வேனில் ஏறினாள். அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து வழவழவென்று இருந்தது. என் பெயரை யாரும் தொடவில்லை.

"எதுக்கும்மா தொடுறீங்க?" என்று ஒருத்தியைக் கேட்டேன்.

"டோவத் தொட்டாதான் ஆன்ட்டி ப்ரீ த்ரோ விழும். கோட்டுல நின்னுக்கிட்டு மனசுக்குள்ள டோ சொல்லிட்டுத்தான் போடுவோம்."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"சீனியர்ஸ்."

அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்பது யாருக்கும் தெரியாது. வேன் போன பிறகு நானும் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன். மேரியைப் பார்க்காமல், அவளிடம் உண்மையைச் சொல்லாமல் அந்த வரியை எழுதப் போவதில்லை.

எந்த மேரி

அவள் பத்தாவதில் கணக்கில் ஃபெயில் ஆகி, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள், கல்யாணம் ஆனது, குவைத்தில் ஒரு வீட்டில் பல வருடம் சமையல் வேலை பார்த்தாள், இப்போது ஊரோடு வந்துவிட்டாள். இவ்வளவும் கேள்விப்பட்டதுதான். நேரில் பார்த்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஆவூர்ப் பக்கம் அவள் ஊருக்குப் போய் ஸ்கூட்டியை நிறுத்தி, ரோட்டோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "மேரி வீடு எதுங்க?" என்று கேட்டேன்.

"எந்த மேரிங்க? இங்கிட்டே நாலு மேரி இருக்காங்க."

"செபஸ்தியான் மக. குவைத்துல இருந்தாங்க."

"அட, டோக்கா வீடா? அங்கிட்டு நீலக் கேட்டு."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஊரே அப்படிக் கூப்பிடுகிறதா? ஸ்கூட்டியைத் திருப்பி வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

வாசல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தில் பருப்பு, காலடியில் தோல். முடி பாதி நரைத்திருந்தது. குள்ளம் அப்படியே இருந்தது.

"யாருங்க?"

"வசந்தா. ஹைஸ்கூல்ல ஒண்ணா..."

"நாலாம் நம்பரா?" என்று எழுந்துவிட்டாள். "வாங்க வாங்க. வெயில்ல நிக்கிறீங்களே."

"என்னடி வாங்க போங்கன்னு."

"அதுவும் சரிதான். வா, ஒக்காரு. சும்மா பேசிக்கிட்டிருக்குறதுக்கு இதையும் உரி." ஒரு கை கடலையை என் மடியில் போட்டாள். எனக்கும் அது நல்லதாகப் போயிற்று. முகத்தைப் பார்க்காமல் பேச முடிந்தது.

பிள்ளைகள், மருமகள், முட்டி வலி எல்லாம் பேசினோம். பிறகு சுவர் விஷயத்தைச் சொன்னேன். கல்லில் வெட்டப் போகிறார்கள், லிஸ்ட் என்னிடம் வந்திருக்கிறது என்றேன்.

"மறுபடியும் ஒங்கிட்டேயா?" என்றாள். சிரிக்கவில்லை.

"மேரி, அந்த டோ நான் எழுதினது."

"தெரியும். ஒன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"கை தவறி எழுதல. வேணும்னுதான் எழுதினேன். நான் விட்ட ரெண்டு பந்தயும் நீ போட்டுட்ட. எனக்குப் பொறுக்கல. ஒம்பேர எழுத மனசு வரல. இவ்வளவு நாள் இத ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

அவள் உரிப்பதை நிறுத்தினாள். கோழி ஒன்று வந்து தோலைக் கிளறியது. அதைக் கையால் ஓட்டினாள்.

"நீ ரெண்டு பந்து விட்டியா? எனக்கு அது ஞாபகமே இல்லையே" என்றாள்.

நிஜமாகவே ஞாபகம் இல்லை அவளுக்கு. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இத்தனை வருடம் நான் கட்டிக்கொண்டு அழுத அந்த இரண்டு பந்தையும் உலகத்தில் என்னைத் தவிர ஒருத்தரும் வைத்திருக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

"அழுவாத. நானும் ஒண்ணு சொல்லுறேன் கேளு" என்றாள். "அந்தப் பேப்பரப் பெயிண்டர்கிட்டக் கொண்டுபோய்க் குடுத்தது யாருன்னு நெனைக்கிற?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நான்தான். ஆவூர் ரோட்டுல போற புள்ள நான் ஒருத்திதான. வழியில பிரிச்சுப் பாத்தேன். தைலமரத்துக்குள்ள நின்னு அழுதேன். ஒம்மேல அம்புட்டு ஆத்திரம். ஒரு எழுத்தாவது எழுதிருக்கலாம்ல? அப்பறம் மூஞ்சியத் தொடச்சுக்கிட்டுப் போயிக் குடுத்தேன். பெயிண்டருக்கு வெவரம் தெரியும். 'ஏத்தா, டோன்னு போட்டுருக்கே, மேல உள்ள பேரையே திரும்ப எழுதணுமா'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இல்லண்ணே, அது பேருதான், அப்படியே எழுதுங்கன்னேன்."

"ஏண்டி?"

"எஸ். மேரி, எஸ். மேரின்னு ரெண்டு தரம் எழுதிருந்தா பாக்குறவன் என்ன நெனைப்பான்? பெயிண்டரு தவறிப்போய் ரெண்டு தரம் எழுதிட்டாருன்னுதான். அடுத்த வெள்ளையடிப்புல ஒண்ண அழிச்சுருப்பாங்க. அழியுறது யாரா இருக்கும்? நாந்தான். டோன்னா அப்படி இல்ல. டோன்னா நான் ஒருத்திதான். வீட்டுல வந்து சொன்னேன், சுவத்துல இருக்குற டோ நாந்தான்னு. அன்னையிலேர்ந்து இந்த ஊர்ல நாலு மேரிக்கு நடுவுல எனக்குன்னு ஒரு பேரு இருக்கு."

நான் அழிக்க நினைத்த இடத்தில் அவள் தனக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டாள். அதுவும் பதினைந்து வயசில். நான் முப்பது வருடம் ஆபீசில் உட்கார்ந்தும் எனக்கு அந்தப் புத்தி வந்திருக்காது.

பிள்ளைகள் தொட்டுவிட்டுப் போவதை அப்போதுதான் சொன்னேன். குவைத்தில் இருந்தவளுக்கு அது தெரியாது.

"எதுக்குத் தொடுதுங்க?"

"ப்ரீ த்ரோ விழணும்னு. கோட்டுல நின்னு மனசுக்குள்ள டோன்னு சொல்லுதுங்க."

"எல்லாப் புள்ளையுமா?"

"எல்லாப் புள்ளையும்."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துவிட்டு, மடியில் இருந்த கடலைத் தோலைத் தட்டினாள்.

"இப்ப என்ன எழுதட்டும், நீயே சொல்லு" என்றேன்.

"எங்கப்பா பேரு வரணும். எஸ்ஸுன்னு வேணாம், முழுசா எழுது. செபஸ்தியான் மகள் மேரி." கொஞ்சம் யோசித்தாள். "பின்னாடி டோவும் இருக்கட்டும். அதுங்க தொடுறதுக்கு ஒண்ணு வேணும்ல."

பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்து அவளிடமே நீட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுதி முடித்து மற்ற பதினொரு பெயரையும் விரல் வைத்துப் படித்துப் பார்த்தாள். பதினாலில் சவரிமுத்து மகள் மேரி என்று திருத்தச் சொன்னாள். திருத்தினேன்.

கிளம்பும்போது ஒரு பை நிறையக் கடலை கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை லிஸ்ட்டைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் புதுக்கோட்டையிலிருந்து கல் வெட்டுகிறவர் போன் பண்ணினார். நான் அடுப்பில் அந்தக் கடலையை வறுத்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், ஸ்கூல் லிஸ்ட் நீங்கதான குடுத்தீங்க? பதினஞ்சாம் நம்பர்ல பேருக்குப் பின்னாடி டோன்னு ஒண்ணு நிக்குது. மேல உள்ளதேன்னு போடுவாங்கள்ல, அது தவறி விழுந்துருக்கும்னு நெனைக்கிறேன். எடுத்துரட்டுங்களா?"

அடுப்பை அணைத்தேன்.

"இல்லங்க" என்றேன். "அது பேருதான். அப்படியே வெட்டுங்க."